தாலியும் பதிவும்: நம் நாட்டில் திருமணச் சட்டம் வந்த வழி



ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்கு என்ன சாட்சி? தோட்டத்துப் பெரியவர்களிடம் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். கழுத்திலே தாலி இருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மேளம் கொட்டியதை ஊரே கேட்டது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பக்கத்து லயத்திலேயே இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பார்கள்.

நம் முன்னோருக்கு அந்தச் சாட்சி போதுமானதாக இருந்தது. நாட்டின் சட்டமும் நெடுங்காலம் அதை ஏற்றுக்கொண்டது. 1982-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் தேதி அந்த நிலை மாறியது. அந்த மாற்றத்தை அறியாமல் இருந்ததனால் எத்தனையோ குடும்பங்கள், குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும், பின்னாளில் பெரிய தொல்லைக்கு ஆளாயினர். அந்தச் சட்டம் ஏன் வந்தது, அதற்கு முன் என்ன நிலை இருந்தது, வந்த பிறகு நடந்தது என்ன என்பதை இன்று காண்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் குடும்பச் சட்டம் இரண்டு வாய்க்கால்களில் ஓடுகிறது. முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. சிலாங்கூருக்கு ஒரு சட்டம், பேராக்குக்கு ஒரு சட்டம், ஜொகூருக்கு ஒரு சட்டம் என்று அந்தந்த மாநிலச் சட்டமன்றம் இயற்றுகிறது. வழக்குகள் ஷரியா நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இந்த வாய்க்காலைச் சேர்ந்தவையே. மற்றச் சமயத்தாரின் திருமணமும் மணவிலக்கும் கூட்டரசு நாடாளுமன்றத்தின் கையில் உள்ளவை. சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி மக்களுக்கும் அவரவர் வழக்கப்படி மணக்கத் தனி இடம் உண்டு. இன்று நாம் பேசப்போவது இரண்டாவது வாய்க்காலைப் பற்றி. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், சீனர்கள் எல்லாரும் அதில் அடங்குவர்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் முஸ்லிம்களின் திருமணப் பதிவுக்கு 1880-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. இந்துக்களுக்கும் சீனர்களுக்கும் அன்று அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆங்கிலேய நீதிபதிகள் அவர்களைப் பொறுத்தவரையில், ‘உங்கள் வழக்கம் எதுவோ அதையே ஏற்றுக்கொள்கிறோம்’ என்ற போக்கில் சென்றனர். வழக்கம் எது என்று தெரியாதபோது சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தனர்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் சிங்கப்பூரில் 1908-ஆம் ஆண்டு தீர்ப்பான ‘ஆறு விதவைகள் வழக்கு.’ இறந்துபோன ஒரு சீனச் செல்வந்தரின் மனைவியர் நாங்கள் என்று ஆறு பெண்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சீனர் வழக்கத்தில் ஒருவருக்குப் பல மனைவியர் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், மூத்த மனைவிக்கு அடுத்த நிலையில் உள்ள மனைவியருக்கும் சொத்தில் உரிமை உண்டு என்ற நிலையை எடுத்தது. இந்துக்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். ஓர் ஆண் எத்தனை மனைவியரை வேண்டுமானாலும் மணக்கலாம், சட்டம் தடுக்காது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மலாயா இந்தியர்களிடையே ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 400 பெண்களே இருந்தனர். 1931-இலும் அந்த எண் 500-ஐ எட்டவில்லை. பெண்கள் குறைவாயிருந்த இடத்தில் குடும்பம் நிலைப்பது எளிதாக இருக்கவில்லை. ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்து இங்கே வேறொருத்தியுடன் குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. கப்பலிலும் முகாமிலும் சந்தித்து இணைந்தவர்களும் உண்டு. சொந்த ஊர் என்றால் இரண்டு பக்கத்துச் சொந்தபந்தங்கள் கூடி நின்று ஒரு திருமணத்தைத் தாங்கிப் பிடிக்கும். தோட்டத்தில் அந்தச் சுற்றம் இல்லை.

அந்தக் காலத்து நீதிமன்றங்களுக்கு வந்த ஒரு வகை வழக்கைக் கவனித்தால் இது விளங்கும். இந்தியாவில் 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தை ஒட்டி இந்நாட்டிலும் தண்டனைச் சட்டம் வகுக்கப்பட்டது. அதன் 498-வது பிரிவின்படி, மற்றொருவன் மனைவியைத் தீய நோக்கத்தோடு அழைத்துச் செல்வதும் மறைத்து வைப்பதும் குற்றம். தோட்டங்களிலிருந்து இத்தகைய புகார்கள் பல எழுந்தன. புகார் கொடுக்கும் உரிமை கணவனுக்கு. அந்தப் பெண் தானே விரும்பிப் போனாளா, அடி தாங்காமல் போனாளா என்பது சட்டத்துக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் ஒருவனுடைய உடைமை போல எண்ணப்பட்டாள்.

ஆனால் அந்த வழக்கில் வெற்றி பெற ஒன்றை நிரூபித்தாக வேண்டும்: அவள் அவனுக்கு முறைப்படி மனைவிதானா? பதிவு இல்லை. தாலி கட்டியதைப் பார்த்தவர்கள் வேறு தோட்டத்துக்கு மாறிப்போயிருப்பார்கள். அல்லது ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். கங்காணி ஒன்று சொல்வார். பண்டாரம் வேறொன்று சொல்வார். ஆக, ஊர் அறிந்த கல்யாணமானாலும் ஊர் கலைந்துவிட்டால் சாட்சியும் கலைந்துவிடும் என்பது அன்றே தெரியவந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே தொல்லை வேறு உருவில் திரும்பி வரப்போகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சில சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1950-இல் மணமான பெண்கள், பிள்ளைகள் வாழ்க்கைச் செலவுச் சட்டம் வந்தது. கைவிட்ட கணவனிடமிருந்து மாதச் செலவுக்குப் பணம் கேட்க அது வழி செய்தது. 1952-இல் பதிவுத் திருமணத்துக்கு ஒரு சட்டம், மணவிலக்குக்கு ஒரு சட்டம், வழக்கப்படி நடந்த திருமணத்தை விரும்பினால் பதிந்துகொள்ள ஒரு சட்டம் என மூன்று வந்தன. 1956-இல் கிறிஸ்தவர்களின் திருமணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது.

இத்தனை சட்டங்கள் இருந்தும் தோட்டத்துப் பெண்ணுக்குப் பயன் குறைவாகவே இருந்தது. ஏனென்றால் 1952-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற விதிக்கு உட்பட்டு நடந்த திருமணங்களுக்கு மட்டுமே பொருந்தியது. பதிவுத் திருமணம் செய்தவர்களும் கிறிஸ்தவர்களும் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கலாம். கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள் கேட்க முடியாது. அவள் திருமணம் பலதார வழக்கத்தைச் சேர்ந்தது என்று சட்டம் கருதியது. கணவன் இரண்டாம் தாரம் கட்டிக்கொள்ளலாம், அது குற்றமில்லை. அதைக் காரணமாகக் காட்டி முதல் தாரம் நீதிமன்றத்தில் விடுதலை கேட்கவோ வழியில்லை. மாதச் செலவுக்குப் பணம் கேட்கலாம், அவ்வளவுதான்.

மிஞ்சியிருந்தது பஞ்சாயத்து. பெரியவர்கள் கோயில் வாசலில் கூடி இருவரையும் விசாரித்துச் சேர்த்து வைப்பார்கள். சேராது என்று கண்டால் தீர்த்து விடுவார்கள். பல சாதிகளில் இந்த வழக்கம் ஊரிலேயே இருந்தது. தீர்த்துவிட்ட பெண் மறுபடியும் கட்டிக்கொள்வதும் இருந்தது. பஞ்சாயத்தார் பலர் நியாயமாகவே நடந்தார்கள். ஆனால் எழுத்து இல்லை. பிள்ளைகள் யாரிடம், மாதச் செலவு எவ்வளவு என்று பேசி முடித்ததை அடுத்த மாதம் அவன் மறுத்தால், அவனைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை.

இதற்கிடையில் அக்கம்பக்கத்து நாடுகள் முன்னே சென்றுவிட்டன. இந்தியாவில் 1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்து, பலதார மணத்தைத் தடுத்து, பெண்ணுக்கும் மணவிலக்கு உரிமை தந்தது. அது நமக்கும் உரியது என்று இங்கே சிலர் நினைத்ததுண்டு. சமயம் ஒன்றுதான் என்றாலும் நாடு வேறு. மலாயாவில் குடியிருப்பவரின் இல்லறத்தை மலாயாச் சட்டமே ஆளும். சிங்கப்பூரில் 1961-இல் மாதர் சாசனம் என்னும் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி முதல் அங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பலதார மணம் முடிவுக்கு வந்தது. ஜொகூரில் இருந்த தங்கைக்கு இல்லாத பாதுகாப்பு, பாலம் கடந்து சிங்கப்பூரில் வாழ்ந்த அக்காளுக்குக் கிடைத்தது.

1960-களின் பிற்பகுதியில் தோட்டங்களுக்கு வந்த ஒரு சோதனை இந்தக் குறையை நன்றாக வெளிப்படுத்தியது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். சில வீடுகளில் கணவன் போனான்; குடியுரிமை உள்ள மனைவியும் பிள்ளைகளும் இங்கே நின்றார்கள். சில ஆண்டுகளில் கடிதம் நின்றுபோனதும் உண்டு. அப்படி நின்ற பெண் மனைவியா, கைவிடப்பட்டவளா, விதவையா? இவள் நிலை இதுதான் என்று எழுதித்தர ஓர் இடம் இல்லை.

1970-ஆம் ஆண்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமண, மணவிலக்குச் சட்டங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. பல சட்டங்களுக்குப் பதிலாக ஒரே சட்டம் என்பதே அம்முயற்சியின் விளைவு. 1976-இல் நாடாளுமன்றம் ‘சட்டச் சீர்திருத்தம் (திருமணம், மணவிலக்கு)’ என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அதன் எண் 164. நிறைவேறிய பின்னும் நடப்புக்கு வர ஆறு ஆண்டுகள் ஆயின. 1982 மார்ச் 1-இல்தான் அது நடப்புக்கு வந்தது.

அந்த நாளுக்கு முன் நடந்த திருமணங்களைச் சட்டம் தள்ளிவிடவில்லை. அன்றைய சட்டப்படியோ, சமயப்படியோ, வழக்கப்படியோ செல்லுபடியான திருமணம் எதுவாயினும் அது பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும் என்று 4-வது பிரிவு கூறியது. ஆகவே 1970-இல் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட நம் பாட்டியும் சட்டப்படி மனைவிதான். பத்திரம் வேண்டுமானால் அத்தகையவர்கள் பிற்பாடு விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளவும் இடம் உண்டு.

அந்த நாளுக்குப் பின் நடப்பவற்றுக்கு விதி வேறு. முக்கியமானவை நான்கு.

முதலாவது, ஒருவனுக்கு ஒருத்தி. முதல் திருமணம் நிலைத்திருக்கும்போது செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாது. அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். முதல் திருமணம் 1982-க்கு முன் கோயிலில் நடந்ததாக இருந்தாலும் இந்தத் தடை பொருந்தும்.

இரண்டாவது, வயது. மணமக்கள் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 16 வயதான பெண்ணுக்கு மட்டும் மந்திரி பெசார் அல்லது முதலமைச்சரின் தனி அனுமதியோடு நடத்தலாம் என்று ஒரு விலக்கு வைக்கப்பட்டது. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது, நடத்தும் முறை. எந்தச் சமயத்தார் ஆனாலும் இந்தச் சட்டம் கூறும் வழியில்தான் திருமணம் நடக்க வேண்டும். முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்புப் பொதுமக்கள் பார்வைக்கு 21 நாள் இருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. திருமணத்தைப் பதிவதிகாரி நடத்தலாம். சமயச் சடங்கோடு நடத்த விரும்புவோருக்காகக் கோயில், தேவாலயம் முதலிய இடங்களைச் சேர்ந்தவர்கள் துணைப் பதிவதிகாரிகளாக நியமிக்கப்பட்டனர். அவர்கள் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு தாலி கட்டி, கையெழுத்தும் இட்டால் சடங்கும் பதிவும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஆக, தாலி கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. தாலியோடு பதிவும் இருக்கட்டும் என்றுதான் சொன்னது.

நான்காவது, பிரிவு. இனிப் பஞ்சாயத்துத் தீர்த்துவிட்டால் திருமணம் தீராது. மரணம் பிரிக்கலாம், இல்லையேல் நீதிமன்றம் பிரிக்க வேண்டும். 1982-க்கு முந்திய திருமணத்துக்கும் இதே விதிதான். பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள் என்று நம்பி வேறொருவரை மணந்துகொண்டவர், சட்டத்தின் பார்வையில் இன்னும் பழைய திருமணத்திலேயே இருக்கிறார்.

மணவிலக்குக் கேட்பது எப்படி என்பதையும் சுருக்கமாகப் பார்ப்போம். திருமணமாகி இரண்டு ஆண்டு கழியாமல் பொதுவாக மனுச் செய்ய முடியாது. மிகக் கொடிய துன்பம் இருந்தால் நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம். இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால் சேர்ந்தே மனுச் செய்யலாம். ஒருவர் மட்டும் கேட்டால், இல்லறம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்ட வேண்டும். பிறர் மனை நாடுதல், சேர்ந்து வாழமுடியாத அளவுக்கு நடத்தை, இரண்டு ஆண்டு தொடர்ந்து கைவிட்டிருத்தல், இரண்டு ஆண்டு தனித்தனியே வாழ்ந்திருத்தல் ஆகியவற்றை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஒருவர் மட்டும் மனுச் செய்யுமுன் சமரசக் குழுவின் முன் செல்ல வேண்டும். பதிவுத் துறையில் இதற்கென்று திருமண நடுவர் மன்றம் இருக்கிறது. பழைய பஞ்சாயத்தின் வேலையைச் சட்டம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை என்பதை இதில் காணலாம். பேசிப் பார்ப்பதற்கு ஆறு மாதம் தருகிறது. ஆனால் கைவிட்டுப்போன கணவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை, கூப்பிட்டும் வர மறுக்கிறான் என்பது போன்ற நிலைகளில் இந்தப் படி தேவையில்லை. ஏழு ஆண்டு தகவலே இல்லாதவர் இறந்ததாகக் கருதித் திருமணத்தைக் கலைக்கக் கேட்கவும் பிரிவு உண்டு. கடிதம் நின்றுபோய், விடை தெரியாமல் நின்ற பெண்ணுக்குச் சட்டம் இப்படித்தான் முதன்முதலாக ஒரு வாசலைத் திறந்தது.

பிரியும்போது மனைவிக்கு வாழ்க்கைச் செலவு, பிள்ளைகளின் பொறுப்பு, சேர்ந்து தேடிய பொருளின் பங்கு ஆகியவற்றையும் நீதிமன்றம் முடிவு செய்யும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்ற எண்ணத்தோடு நீதிமன்றம் தொடங்கும். அது தவறு என்று காட்டினால் மாற்றலாம். தாயும் தந்தையும் பிள்ளைக்குச் சமமான பாதுகாவலர் என்ற நிலை 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. அதற்கு முன் தந்தைக்கே அந்த இடம்.

நேயர்களே, சட்டம் வந்த கதை இது. அது தோட்டத்துக்குள் வந்து சேர்ந்த கதையோ வேறு. 1982-க்குப் பிறகும் எத்தனையோ குடும்பங்களில் பழையபடியே கல்யாணம் நடந்தது. நாள் பார்த்தார்கள், பந்தல் போட்டார்கள், தாலி கட்டினார்கள். பதிவு அலுவலகம் பட்டணத்தில் இருந்தது. போக ஒரு நாள் சம்பளம் போகும். ஒருவருக்கு அடையாளக் கார்டு சரியாக இல்லாமல் இருக்கும். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்கள். வாழ்ந்தவரைக்கும் யாரும் அவர்களிடம் பத்திரம் கேட்கவில்லை. கேள்வி எழுந்தது சாவிலும் பிரிவிலும் பிறப்பிலும்தான்.

கணவன் வேலையில் இறந்துபோகிறான் என்று வைத்துக்கொள்வோம். சொக்சோவில் விதவைக்குரிய உதவி கேட்டால், மனைவி என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஊழியர் சேமநிதியில் அவன் கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த பெயரை மாற்றாமல் இருந்தால், பணம் அந்தப் பெயருக்கு உரியவருக்கே போகும். உயில் இல்லாத சொத்துக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் உண்டு. 1997-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. இந்தப் பங்கெல்லாம் சட்டப்படியான மனைவிக்கும் பிள்ளைக்கும் உரியவை.

பதிவில்லாத திருமணம் அடியோடு செல்லாதா என்றால், அதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லும் திருமணம் செல்லாமல் போகாது என்று 34-வது பிரிவு சொல்கிறது. சட்டம் கூறும் முறையன்றி வேறு முறையில் திருமணம் நடத்தக்கூடாது என்று 5-வது பிரிவு சொல்கிறது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று நீதிமன்றங்களில் வாதங்கள் நடந்திருக்கின்றன. வழக்கறிஞர் வைத்து வாதாட வசதியுள்ளவர்களுக்கு அது சரி. மூன்று பிள்ளைகளோடு நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்த வாதம் சோறு போடாது. அவளுக்கு வேண்டியது முகப்பில் காட்ட ஒரு பத்திரம்.

பிள்ளைகளின் தொல்லை இதைவிடப் பெரிது. பெற்றோர் சட்டப்படி மணந்தவர்கள் அல்லர் என்றால், இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் ஏறும். குடியுரிமையோ தாயை ஒட்டியே பார்க்கப்படும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் விதி. தாய் நிரந்தரவாசத் தகுதி இல்லாத வெளிநாட்டவர், தந்தை நீல அடையாளக் கார்டு வைத்திருக்கும் குடிமகன் என்று வைத்துக்கொள்வோம். திருமணம் பதியப்பட்டிருந்தால் பிள்ளை தந்தையைக் கொண்டு குடிமகன் ஆகும். பதியப்படவில்லை என்றால் இந்த மண்ணில் பிறந்தும் அந்த உரிமை தடைப்படும். பள்ளிக்கூடச் சேர்ப்பிலிருந்து பிற்காலத்து வேலைவரை அதன் சுமையைச் சுமப்பது அந்தப் பிள்ளை. பெற்றோர் பின்னர் பதிந்துகொண்டால் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளைக்கு முறைப்பிள்ளை என்ற நிலை கிடைக்கும். ஆனால் குடியுரிமைக் குறை அதனால் தானாகத் தீர்ந்துவிடுவதில்லை. ஆகவே ‘அப்புறம்’ என்ற சொல்லுக்கு விலை அதிகம்.

முன்பு சொன்ன பழைய தொல்லை இங்கேதான் திரும்பி வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்கள் இடிக்கப்பட்டன. கோயில் இடம் மாறியது. மேளம் கேட்டவர்களும் பந்தியில் அமர்ந்தவர்களும் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் பாரு என்று திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். ஊரே சாட்சி என்று இருந்த கல்யாணத்துக்கு ஊரே இல்லாமல் போயிற்று.

அண்மைக் காலத்து மாற்றங்கள் சிலவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 ஜூனில் நடப்புக்கு வந்தது. அடி உதையிலிருந்து பாதுகாப்புக் கேட்பதற்குப் பதிவு இருந்தாக வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. சமய முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால் போதும். இந்த ஒன்றில் சட்டம் தாலியையே சாட்சியாக ஏற்றுக்கொண்டது எனலாம். பத்திரம் இல்லையே என்று அஞ்சி அடிபட்டுக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தங்கள் 2018 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தன. தம்பதியரில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால், முன்பு மதம் மாறாதவர் மட்டுமே இந்தச் சட்டத்தின்கீழ் மணவிலக்குக் கேட்க முடியும். இப்போது இருவரில் எவரும் கேட்கலாம். பிள்ளைக்குரிய செலவு 18 வயதோடு நிற்காமல், மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை நீளலாம். பொருளைப் பங்கிடும்போது, சம்பாதிக்காமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவரின் உழைப்பும் கணக்கில் வருகிறது. 2023 டிசம்பரில், மனைவியைக் கணவனின் உடைமை போல் நடத்திய அந்தப் பழைய 498-வது பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவின் கதை அத்துடன் முடிந்தது.

இவ்வளவும் கேட்ட பின் வீட்டில் செய்யவேண்டியது என்ன? அம்மா அப்பாவின் திருமணப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1982-க்குப் பின் நடந்து பதியாமல் இருந்தால், இருவரும் நலமாக இருக்கும்போதே பதிவுத் துறைக்குச் செல்லுங்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் பதிவு செய்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சேமநிதியில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டறியுங்கள். பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது மண்டபத்துக்கும் மேளத்துக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவுக்கான அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் குடும்ப வழக்குகளில் உதவுகிறது.

வாழ்க்கை நன்றாக நடக்கும்போது பத்திரம் பெட்டியின் அடியிலே கிடக்கும். அது அங்கேயே கிடந்தால் மகிழ்ச்சிதான். வேண்டும் என்று தேடும் நாளில் அது இல்லாமல் இருக்கக் கூடாது.